ஏழாம் எண்

மூன்று மணிக்கு மதிய ஓய்வு முடியும்.
மூன்று பத்துக்கு மொட்டைமாடியில்
இதை இடுப்பில் வைக்க முடியாது, சுடும்.
ஈரத்துணி சுற்றி
சில்லரின் நிழலில் கிடத்துவேன்.
நிழல் என்று பேர்தான்,
ஒரு ஆள் குந்தினால் முழங்கால் வெயிலில் நிற்கும்.

மூடினால் உள்ளங்கை நீள இரும்பு.
விரித்தால் குறடு.
குறட்டின் இரண்டு கைக்குள்ளும்
கத்தி, ரம்பம், அரம்,
பட்டையாய் ஒரு திருப்புளி, நட்சத்திரமாய் ஒன்று,
டின்மீன் திறக்கிற அலகு,
கத்தரி. அறையில் ஆறு பேர் மீசையும் அதில்தான்.

ரோலாவில் வாங்கினேன். நூற்றெண்பது திர்ஹம்.
அந்த மாதம் வீட்டுக்குப் போன பணத்தில் குறைந்ததற்கு
மெஸ் பாக்கி என்றேன் அமலியிடம்.
மெஸ்ஸில் எனக்கு எப்போதும் பாக்கி இருந்ததில்லை.

வண்டியில் பெட்டி நிறைய ஸ்பேனர் இருக்கிறது.
வண்டி கீழே,
நான் பதினாலாவது மாடிக்கும் மேலே.
பேனல் கதவின் ஒற்றைத் திருகுக்காக
யார் இறங்குவது?
இது திறக்கும். ஒயர் உரிக்கும்.
கான்டாக்டர் முனையில் படிந்த கருப்பைச் சுரண்டும்.
காயிலின் நசுங்கிய தகடுகளை
ஒவ்வொன்றாய் நிமிர்த்தும்,
பேன் பார்க்கிற பொறுமையோடு.
எந்த வேலைக்கும் சரியான சாமான் இல்லை இது
என்பான் வெல்டர் குல்ஜார்.
சொல்லிவிட்டு
கை நீட்டிக் கேட்பான்.

ஒன்று மட்டும் எதற்கென்று தெரியாது.
கொக்கி போல வளைந்து, நுனியில் சின்னதாய் ஒரு வெட்டு.
கூட வந்த தாளில் ஏழு என்று அம்புக்குறி.
ஏழுக்கு நேரே எழுதியிருந்ததை
கம்ப்ரெஸர் எண்ணெய் குடித்துவிட்டது.
குதிரைக் குளம்புக்கு என்பான் குல்ஜார்.
தூண்டில்முள் பிடுங்க என்பான் பிம் பகதூர்,
கடலே இல்லாத ஊர்க்காரன்.
ஸ்டோர் ஜோபி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
கம்பெனிக்கே தெரியாது என்றார்.
ஏழை எடு, ஏழை மடக்கு என்று
நானும் சிராஜுதீனும் மட்டும் சிரிப்போம்.

போன ஜூலையில் அல் நஹ்தாவில் ஒரு வீடு.
ஏசி சொட்டி, சோபா மேல் பாத்திரம்.
வடிகுழாயில் எதுவோ அடைத்திருந்தது.
குறடு எட்டவில்லை, கம்பி வழுக்கியது.
ஏழை உள்ளே அனுப்பினேன்.
பிடித்துக்கொண்டு வந்தது
வால் உடைந்த பச்சைப் பிளாஸ்டிக் முதலை.

கதவுக்குப் பின்னால் நின்ற பையன் வெளியே வந்தான்.
சோபா முதுகில் ஏறித்தான் போட்டிருப்பான்.
முதலைக்குத் தண்ணீர் வேண்டும் இல்லையா.
ஆனால் அவன் முதலையைப் பார்க்கவில்லை.
கொக்கியைக் காட்டி
ஷு இஸ்மு, என்றான். இதன் பேர் என்ன.
சபா, என்றேன். ஏழு.
சபா, என்று ஒப்புக்கொண்டு
முதலையை வாங்கிக் கழுவப் போனான்.

பிறகு குறட்டின் வில் உடைந்தது.
அழுத்தினால் அழுத்தியபடியே நிற்கும்.
கடைக்காரன் தாளைத் தட்டிக் காட்டினான்:
இருபத்தைந்து வருட உத்தரவாதம்.
இதை அனுப்பிவிடு, புதுசு வரும்.
எனக்கு விசா இரண்டு இரண்டு வருடமாய் வருகிறது.
இருபத்தி நாலாம் வருடம் இதற்கு ஏதாவது ஆனால்
எந்த அறையிலிருந்து யார் கொண்டுவருவது என்று
கவுன்ட்டரில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஸ்டோரில், ஓவர்டைம் தாளுக்குப் பக்கத்தில்
நூல் கட்டித் தொங்கும் பேனா.
ஜோபி டீக்குப் போன நேரம்
அதன் வில்லைக் கழற்றி
இரண்டு சுற்று வெட்டி
குறட்டுக்குள் வைத்தேன். உட்கார்ந்தது.

இப்போது இது விரியும்போதெல்லாம்
பேனா அமுக்குகிற சத்தம்.
ஜோபி தலை நிமிர்த்திப் பார்க்கிறார்.
அவர் பேனாவோ
எழுத எழுத முனை உள்ளே போகிறது.
கட்டைவிரலால் பின்பக்கம் முட்டுக்கொடுத்துத்தான்
எல்லாரும் எழுதுகிறோம்
வேலை பார்த்த மணிகளை.