பதினொன்றாம் கட்டம்

மூன்று வருட எஃப்.ஐ.ஆர்.களை
வரைபடத்தில் புள்ளி வைத்தேன்.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
ஓரிடத்தில் மட்டும்
வேர்க்குரு போல அப்பிக்கொண்டது சிவப்பு.

நேரம்: விடிகாலை ஐந்தே முக்கால்.
காரணம்: பாதசாரியின் கவனக்குறைவு.
ஒன்பதிலும் அதே கையெழுத்து, அதே வரி.

டேப்பும் சுண்ணாம்புக்கட்டியுமாக
அதே நேரத்துக்குப் போய் நின்றேன்.
நடுத்தடுப்பில் ஓர் ஆள் நுழையும் சந்து.
அரளிக் கிளையில்
கிழிந்த துப்பட்டா நுனி.

ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்
எதிர்ப்பக்கம்தான் நிற்கும்.
இந்தப் பக்கம் வந்து திரும்பினால்
நாலு கிலோமீட்டர் டீசல்.

"ரெண்டு நிமிஷம் லேட்டானா
அரைநாள் சம்பளம் கட் மேடம்"
என்றாள் சலோமி,
டிபன் டப்பாவை மார்போடு அணைத்து
லாரி வெளிச்சங்களின் இடைவெளியை எண்ணியபடி.
ஒன்று, இரண்டு,
ஓடினாள்.

அவள் படியில் ஏறிய பிறகுதான்
எனக்கு மூச்சு வந்தது.

படிவத்தின் பதினொன்றாம் கட்டத்தில்
வேகம் இருக்கிறது, குடி, தூக்கம், மழை,
கவனக்குறைவு இருக்கிறது.
டீசல் இல்லை.

ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
கணினியில் ஏற்றும் தம்பி
நிமிர்ந்து கேட்கிறான்:
"மேடம், இதுக்கு கோட் நம்பர்?"