பழைய நடை, புது நடை

பதினாறு ஆடியாக மொய் எழுதுகிறேன்.
நோட்டில் இரண்டே பத்தி.
வாங்கியதைத் திருப்பினால் பழைய நடை.
நாளைக்குத் திரும்பி வரவேண்டியது புது நடை.
இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு.

அன்று பேராவூரணியில் பந்தல் போட்டது
ஒரு குளிர்பெட்டிக்கு.
ஐஸ்கிரீம் கடைக்காரன் கண்டிராத குளிர்,
மைனஸ் எண்பது.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நிற்குமாம்.
காலையில் முகம் வீங்கி எழுந்திருக்கிற பிள்ளைகளின்
சிறுநீரை ஆறு வருஷம் சேர்த்து வைக்குமாம்.

“கறிச்சோறு போட்டு மூத்திரத்துக்கு மொய்யா?”
நாடிமுத்து கேட்டதும் பந்தி சிரித்தது.
டாக்டர் ஜெசிந்தாவும் சிரித்துவிட்டு
மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தபடி சொன்னார்:
கிட்னி ஏன் கசிகிறது, தெரியாது.
ஒரு பிள்ளைக்கு மாத்திரை கேட்கிறது,
பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கேட்கவில்லை.
ஏன், தெரியாது.
ஆறு வருஷம் கழித்தும் தெரியாமல் போகலாம்.

மைக் முன்னால் நின்று
தெரியாது என்று ஒருவர் சொல்லி
நாங்கள் கேட்டதே இல்லை.
ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணிய விரல்கள்
அப்படியே நின்றன.

பிறகு வந்தார்கள்.
சேதுபாவாசத்திரத்து ரகுமா பீவி,
இறால் ஏலத்து ஈர நோட்டுகளோடு.
ஆவணம் ஆட்டோ ஸ்டாண்டு, மொத்தமாக ஏழாயிரத்து முப்பது.
அந்த முப்பது யார் போட்டது என்று அவர்களுக்குள் தகராறு.
கஜாவில் நூறு தென்னை சாய்ந்த தோப்புக்காரர்
ஐந்நூறு வைத்துவிட்டு
பேர் வேண்டாம், தோப்புப் பேர் போடு என்றார்.

சித்திரவேலு கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு
கை ஈரம் காயாமல் வந்து நின்றார்.
மூணு வருஷம் முன்னால் இதே மண்டபத்தில்
அவர் மகள் கவிநிலா வைத்தியத்துக்கு
நான்தான் மொய் எழுதினேன்.
பணம் மிஞ்சிப்போனது.

“முந்நூத்திப் பன்னெண்டு பேருக்குத் திருப்பணும்.
எல்லாருக்கும் சேத்து இங்கயே செஞ்சிர்றேன்.”

டாக்டரிடம் ஒன்று மட்டும் கேட்டார்:
“அந்தப் பெட்டியில எம்மவளோடதும் இருக்குமா?”

“இருக்காது. அப்ப எங்ககிட்டப் பெட்டி இல்ல.”

தலையாட்டிக்கொண்டார்.
கடைமடைக்காரர்.
பயிர் கருகிய மறுவாரம்
தண்ணீர் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறார்.

எந்தப் பத்தி என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.
சிவப்புக் கோட்டின் மேலேயே எழுதிவிட்டேன்,
கவிநிலா, குருவிக்கரம்பை,
தொகை இரண்டு பக்கமும் வழிய.

கணக்கில் நாற்பதாயிரம் குறைந்தது.
கார்த்திகையில் கொப்பரை விற்று அதையும் அடைத்தோம்.
பெட்டி வந்து ஏழு மாசம் ஆகிறது.
ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

நேற்று ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
விசிறியைத் தேடுகிறபோது போன் அடித்தது.
நாடிமுத்து.
“தஞ்சாவூர்ல கேட்டுட்டேன், இருக்காம்.
நீ தூங்கு.”