வே

வே என்றால் வேடிக்கை பார்த்தல்.
வி, விளையாட்டு. உ, உதவி.
அ என்றால் அழுகை, அதில் உட்பிரிவு மூன்று:
கண்ணீருடன், கண்ணீரின்றி,
பெரியவர் பார்க்கும்போது மட்டும்.

தார்த்து நகரம், ஜனவரி.
நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.
மழலையர் பள்ளியில் துடைப்பம் வைக்கும் அறையைக் காலி செய்து
சுவரில் கண்ணாடி பதித்துத் தந்தார்கள்.
அவர்கள் பக்கம் முகம் பார்க்கலாம்.
என் பக்கம் அது ஜன்னல்.
காதுக்குள் ஒரு டிக்.
பத்து விநாடி பார், ஐந்து விநாடி எழுது.
அந்த ஐந்து விநாடியில் நடப்பதெல்லாம்
ஆய்வுக்கு நடக்காதது.

முதல் வாரம் 'சோகமாக நின்றான்' என்று எழுதினேன்.
ஊர்மஸ் சிவப்பு மையால் அடித்தார்:
சோகம் உன்னுடையது.
உதட்டோரம் கீழே இறங்கியிருந்தால்
இறங்கியிருந்தது என்று எழுது.
வீட்டிலும் தொற்றிக்கொண்டது.
இப்போதெல்லாம் என் கணவருக்குக் கோபம் வருவதில்லை.
அலமாரிக் கதவை மூன்று முறை மூடுகிறார்.

பதினொன்றாம் எண்ணுக்கு வயது நாலே கால்.
(பெயர் லொவீசே. எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.)
அவள் தாளில் வே வே வே வே,
தையல் ஓடியதுபோல்.
கட்டை அடுக்குபவர்கள் அருகில் நிற்பாள்,
கட்டையைத் தொடமாட்டாள்.
ஆசிரியை அவளைப் பற்றிக் கவலைப்படுகிறார்,
இல்லை,
ஆசிரியை அவளைப் பற்றி இருமுறை கேட்டார்.

பதினேழாம் தேதி, பத்து நாற்பது.
வெளியே போகும் நேரம்.
பனி உடுப்பு, பூட்ஸ், கம்பளித் தொப்பி,
தரை முழுக்க உருளும் மூட்டைகள்.
நான்காம் எண்ணின் இடது கையுறையைக் காணோம்.
அ. அ. அ. கண்ணீருடன்.
ஆசிரியை உலர்த்தும் பெட்டியைக் குடைந்தார்,
பெஞ்சுக்கடியில் குனிந்தார்,
வேறொரு ஜோடி கொடுத்தார். வீசியெறிந்தான்.

எனக்குத் தெரியும்.
காலை ஒன்பது இருபதுக்கு அது
ஹீட்டருக்குப் பின்னால் நழுவியதைப் பார்த்திருந்தேன்.
கையேடு, பக்கம் பதினான்கு:
தலையிடாதே. தட்டாதே. இருமாதே.
இருமவில்லை.
ஆறு நிமிடம், இருபத்து நான்கு கட்டம்,
ஒவ்வொன்றிலும் ஒரு அ,
திருத்தமான கையெழுத்தில்.

இருபத்தைந்தாவதில்
பதினொன்று நடந்தாள். ஓடவில்லை.
ஹீட்டர் அருகே வயிற்றின்மேல் படுத்து
கையைத் தோள்வரை விட்டுத் துழாவி
ஒட்டடை படிந்த பச்சைக் கையுறையை இழுத்தாள்.
நான்கின் மடியில் போட்டாள்.
பழைய இடத்துக்கே போய் நின்றாள்.

இதில் பெரும்பகுதி, நான் குனிந்து
எழுதிக்கொண்டிருந்த விநாடிகளில் விழுந்தது.
காணொளியைப் பார்த்துக் குறித்த ஊர்மஸின் தாளில் உ.
என் தாளில் வே.
இருவர் தாளும் ஒத்துப்போகும் விகிதம் இறங்கியது.
ஏன் என்று கேட்டார்.
அந்த ஐந்து விநாடி, என்றேன்.
பொய்யில்லை.

ஆனால் கையுறை விழுந்ததை
அன்று காலை பார்த்தவர்கள் இரண்டு பேர்.
ஒருத்தி ஆறு நிமிடம் யோசித்தாளோ பயந்தாளோ
(இரண்டையும் அடிக்கவும்)
பிறகு போய் எடுத்தாள்.
இன்னொருத்தி கண்டும் காணாதவளாய் உட்கார்ந்திருக்க
மாதச் சம்பளம் வாங்குகிறாள்.
அவளுக்கு யாரும் தாள் போடவில்லை.
போட்டிருந்தால் எளிதான தாள்.
ஒரே எழுத்து.

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில்
யாரோ தொலைத்த சின்னக் கையுறை ஒன்றை
யாரோ எடுத்து வேலிக் கம்பில் மாட்டியிருந்தார்கள்,
விரல்கள் மேலே பார்க்க.
அதன்மேல் இரண்டு அங்குலம் பனி.
தட்டிவிட்டேன்.
பேருந்து நான்கு நிமிடம் தாமதம்.