வெளியே வராத குறுந்தகடு

ஊர்வெ மறந்துவிட்டுப் போன குறுந்தகடு
லாரியின் வாய்க்குள் மாட்டிக்கொண்டது.
வெளியே தள்ளும் பொத்தான்
சொத்தைப் பல்போல் உள்ளே இறங்கிவிட்டது.
ஒன்று இதைக் கேட்கவேண்டும்,
இல்லை, எஞ்சினைக் கேட்கவேண்டும்.

தென் எஸ்தோனியாவில் பதினேழு பண்ணைகள்.
விடியுமுன் பால் எடுக்கிறவன் நான்.
ஞாயிறுகளில் லுத்தரன் கோவில் பாடகர் குழு,
கடைசி வரிசை, அடிக்குரல்.
அவளோ கருவாலி மரத்துக்கு ரிப்பன் கட்டுகிறவள்,
நடுக்கோடை இரவில் நெருப்பைத் தாண்டுகிறவள்.
"காது கொடுத்துக் கேள், ஹெல்துர்" என்றாள் ஒருமுறை.
கொடுக்கலாம்.
திருப்பித் தருவார்களா?

முதல் பாட்டில் இடிக்கு ஒரு கடவுள்.
பாடுகிறவள் அவனைக் கூப்பிடும் தோரணை
வாடகை பாக்கி வைத்தவனைக் கூப்பிடுவது.
அடுத்ததில் ஒருத்தி வரியை முடிக்குமுன்னே
ஊரே அதன் வாலைப் பிடித்துக்கொள்கிறது,
பின்னால் மின்கிதார் மரம் அறுக்கிறது.
மூன்றாவது, டாங்கோ.
ஏன் டாங்கோ? யாரைக் கேட்பது?
நாலாவதில் பைக்குழல்:
சினைப்பசுவின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்ட ஓலம்.
ஒலியைக் குறைத்தேன்.
அந்தப் பொத்தான் வேலை செய்தது.

ஐந்தாவதில் பாட்டே இல்லை.
தகரக் கூரையில் மழை, ஒரு கரண்டி,
யாரோ இருமுகிறார்கள்.
அந்த இருமலை நம்பினேன்.

மைலெயின் பண்ணையில் குழாயை மாட்டினேன்.
பம்பு துடித்தது. கேபின் கதவு திறந்திருந்தது.
எட்டாவது பாட்டின் முரசும் பம்பும்
கொஞ்சதூரம் சேர்ந்து நடந்து
பிணங்கி விலகி
மறுபடி சேர்ந்தன.
மாடுகள் அசைபோடுவதை நிறுத்தவில்லை.
அதுவும் ஒரு அபிப்பிராயம்தான்.
அப்போது, எனக்குத் தெரியாத தெய்வத்தின் பெயருக்கு அடியில்
யாரோ அடிக்குரல் பிடிப்பது கேட்டது.
நான்தான்.

சுற்றிலும் பார்த்தேன்.
மைலெ ரசீதில் லிட்டர் எழுதிக்கொண்டிருந்தாள்,
நிமிரவில்லை.
அவள் நிமிராததில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

மதம் ஒன்றும் மாறிவிடவில்லை.
ஞாயிறன்று அதே வரிசை, அதே பாமாலைப் புத்தகம்,
பக்கத்தில் அதே ஓஸ்கரின் பூண்டு வாசம்.
ஆனால் ஆர்கன் தொடங்குமுன்
துருத்தி மூச்சிழுக்கும் அந்தக் கரகரப்பை
முப்பது வருஷத்தில் அன்றுதான் கேட்டேன்.
பைக்குள் காற்று.
அங்கும் பைக்குள் காற்று.

ஷிஃப்ட் மாறும்போது ஊர்வெ கேட்டாள், எப்படி என்று.
"நாலாவது மட்டும் சரியில்லை."
"அதில் பைக்குழல் நான்தான்" என்றாள்,
ஒற்றைக் கையுறையைத் தேடியபடி.
கோபமில்லை. தேடிக்கொண்டேயிருந்தாள்.
அது என் இருக்கைக்கு அடியில் கிடந்தது.

மெக்கானிக் வியாழக்கிழமை வருகிறான்.
அதற்குள் நாலாவதை இன்னொருமுறை,
பன்றிப் பண்ணை தாண்டி
நேர்ச்சாலை வந்ததும்,
ஒலியைக் குறைக்காமல்.