கேட்டுவிட்டுக் கொடுங்கள்

இலவசம்தான்.
முதல் வரியிலேயே எழுதியிருந்தான்
பின்லாந்துக்காரன் ஒன்னி ரசானென்.
இரண்டாம் வரி:
பிறருக்குக் கொடுக்கும் முன் என்னைக் கேளுங்கள்.
கீழே குவோப்பியோ நகரத் தபால்பெட்டி எண்.

காசே வாங்காதவனுக்கு
எதற்கு இந்தப் பிகு என்று சிரித்தேன்.

முஸ்த்வேயில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என் கடை.
பாதி மீன்வலை, பாதி கணினி.
தொண்ணூற்றேழில் பெய்ப்சி ஏரி
டிசம்பரிலேயே உறைந்துவிட்டது.
அன்றன்றைய குளிரைக் கொடுத்தால் போதும்,
பனிக்கட்டி எத்தனை விரல் கனம்,
ஆள் போகலாமா, வண்டி போகலாமா என்று
சொல்லிவிடும் அவன் நிரல்.
நாற்பத்தொரு கிலோபைட்.
நகலெடுக்க ஒரு தும்மல் நேரம்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.
வலை வாங்கியவனுக்கு ஒன்று
தூண்டில் வாங்கியவனுக்கு ஒன்று
எதுவும் வாங்காமல்
அடுப்பருகே கை காய்ச்சிவிட்டுப் போன
கிழவர் சவ்வாத்திக்கும் ஒன்று.
அந்த இரண்டாம் வரியை அழித்துவிட்டு
என் கடை முகவரியைப் போட்டிருந்தேன்.
விளம்பரமாச்சே.

பிப்ரவரிக் கடைசியில்
அந்த முகவரிக்கே வந்தது அவன் கடிதம்.
திட்டாகத்தான் இருக்குமென்று
நின்றபடியே பிரித்தேன்.

"வெண்பனி மூடிய நாட்களைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டேன்.
போர்வைக்கடியில் கட்டி மெல்லத்தான் தடிக்கும்.
என் நிரல் நான்கு விரல் கூட்டிச் சொல்கிறது.
கேட்டு வாங்கிய பதினாறு பேருக்கும்
திருத்தியதை அனுப்பிவிட்டேன்.
உங்களிடமிருந்து போனது
யார் யாரிடம் இருக்கிறது?"

யார் யாரிடம்.

கணக்கு நோட்டில் வலையின் விலை இருந்தது
வாங்கியவன் பெயர் இல்லை.
கடையைப் பூட்டிவிட்டு
புது ஃபிளாப்பிகளோடு கிளம்பினேன்.
ராயாவில், கசெபாவில், கல்லாஸ்தேயில்
கதவு கதவாய்த் தட்டினேன்.
கார்ப் தன் மைத்துனனுக்குக் கொடுத்திருந்தான்.
மைத்துனனின் மகன் அதைப் பள்ளியில் கொடுத்து
ஒரு கார்ப் பந்தய விளையாட்டு வாங்கியிருந்தான்.
யாரிடம்?
வேறு வகுப்புப் பையன், சிவப்புத் தொப்பி.

சவ்வாத்தி வீட்டில் கணினியே இல்லை.
ஆடுகிற மேசைக்காலுக்கு
அடியில் கொடுத்திருந்தார் ஃபிளாப்பியை.
"ஏரி உறுதியா என்று
ஏரியிடம் கேட்டால் போச்சு" என்றார்,
குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டி.
அவருக்கு மட்டும் நான் ஒன்றும் கெடுதல் செய்யவில்லை.

கொடுத்தது நாற்பதா, ஐம்பதா, தெரியாது.
மாற்றிவைத்தது இருபத்திரண்டு.

இருட்டும் நேரம் கரையில் நின்றேன்.
வெகு தூரத்தில் ஒரு வண்டி விளக்கு
நடு ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
கையை வீசினேன், கத்தினேன்.
அவன் பெயர் தெரிந்திருந்தால்
பெயர் சொல்லிக் கத்தியிருப்பேன்.