சும்மா சுற்றக் கூடாது

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
என் டயல் கேஜுக்கும் வேலை நின்றுவிடும்.
தண்டவாளத்தில் டேங்கர் போகிறது,
இங்கே பெஞ்சின் மேல் முள் நடுங்குகிறது.
நாற்பத்தேழு பெட்டி.
எண்ணி முடிக்கும்வரை
பனியன் துணியில் கை துடைத்துக்கொண்டிருப்பேன்.

இஸ்ரவேல் டாக்சியின் கியர்பாக்ஸ்
இரண்டாய்ப் பிளந்து கிடக்கிறது.
மற்ற ஷாப்டுகளைக் கழற்றி ட்ரேயில் வைத்துவிட்டு
டிப்ரென்சியலை மட்டும் அதன் இடத்தில் உட்கார வைத்தேன்,
சாமான் இறக்காத வாடகை வீட்டில்
முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் மாதிரி.
புது பேரிங் இரண்டு. ஒரு சொட்டு ஆயில். மெல்லிசாய் ஒரு சிம்.
மூடி, பதினாறு போல்ட்டையும் முறுக்கி,
விரலால் ஒரு தள்ளு தள்ளினால்
அது பாட்டுக்குச் சுற்றுகிறது.

"ஃப்ரீயாச் சுத்துதுண்ணா! அப்பால இன்னா?"

அதுதான் நோவு என்றேன்.
இப்படிச் சுற்றித்தான் போன மாசம்
மணலி ரோட்டில் அறுபதைத் தாண்டியதும்
உன் வண்டி ஊளையிட்டது.
புது பேரிங்குக்குப் பழைய சிம்மையே போட்டு
அளக்காமல் மூடியிருக்கிறான் ஒருத்தன்.
அந்த ஒருத்தன் நான்தான்.
இஸ்ரவேலுக்கும் தெரியும்.
அதனால்தான் இந்த முறை கூலிப் பேச்சே எழவில்லை.

சுமை வருவதற்கு முன்பே
பேரிங் மேல் கொஞ்சம் சுமை இருக்க வேண்டும்.
சூடேறினால் அலுமினியக் கூடு விரியும்,
உள்ளே இருக்கும் இரும்பு அவ்வளவு விரியாது.
ஆறிக் கிடக்கும்போது நெருக்கி வைத்தால்தான்
கொதிக்கும்போது விட்டுப்போகாது.
அதிகம் நெருக்கினாலோ கருகிவிடும்.
நடுவே இருப்பது ஒரு மயிரிழை.

அவன் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான்:
"தண்டல்காரன் பத்தாயிரம்னு எழுதிக்கினு
எட்டாயிரத்து ஐந்நூறு கையில குடுப்பானே,
மொதல்லயே புடிச்சிக்கினு. அந்த மாதிரியா?"

கிட்டத்தட்ட.

இழுவை பார்க்கும் கருவி என்னிடம் கிடையாது.
காசிமேட்டிலிருந்து கூடை கொண்டுவரும் தேசம்மாவிடம்
கொக்கித் தராசு வாங்கி வந்தேன்.
ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை மாட்டிப் பார்த்தால்
நூறு கிராம் கூடக் காட்டுகிறது.
சிரிப்பு வந்தது. மனதுக்குள் கழித்துக்கொண்டேன்.

தூண்டில் நரம்பை டிப்ரென்சியல் மேல் ஐந்து சுற்று சுற்றி
நுனியைக் கூட்டின் ஓட்டை வழியே வெளியே எடுத்து
கொக்கியில் மாட்டி இழுத்தேன்.
கிளம்பும்போது முள் துள்ளும், அது கணக்கில்லை.
ஓடிக்கொண்டிருக்கையில் எங்கே நிற்கிறது?

ஒன்றே கால் கிலோ. வேண்டியது இரண்டரை.
திரும்பப் பதினாறு போல்ட். அடுத்த தடிமன் சிம்.
நாலு கிலோ.
திரும்பப் பதினாறு போல்ட்.
நடுவில் உள்ளது டப்பாவில் இல்லை,
கடையிலும் இல்லை, "வியாழக்கிழமை வரும் சார்."

வியாழக்கிழமைவரை தண்டல் காத்திருக்காது.

கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை ஒட்டி,
மண்ணெண்ணெய் தெளித்து,
தடித்த சிம்மை எட்டுப் போட்டுத் தேய்த்தேன்.
மில்லியில் நூறில் ஐந்து பங்கு, அவ்வளவுதான்.
அதற்கு முக்கால் மணி நேரம்,
நாலு இடத்தில் மைக்ரோமீட்டர்,
ஒரு கரண்ட் கட், இரண்டு கூட்ஸ் வண்டி.
இஸ்ரவேல் செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
போன் அடித்தபோதெல்லாம் எடுக்காமல் பிடித்தான்.

மூடி, முறுக்கி, இழுத்தேன்.
முள் இரண்டு அறுநூறில் நின்றது.
நூறு கழித்தால்
இரண்டரை.

இப்போது விரலால் தள்ளினால் சுற்றவில்லை.
உள்ளங்கை வைத்துத் தள்ளினால்
எதையோ சுமந்துகொண்டு
ஒரே நிதானமாய் நகர்ந்தது.
"டைட்டா கீதே" என்றான் இஸ்ரவேல்,
ஆனால் கேள்வி போல இல்லை.

மிச்ச ஷாப்டுகளை ஏற்றி, ஆயில் ஊற்றி,
நாளைக் காலையில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இருட்டும் நேரத்தில் தராசைக் கொடுக்கப் போனேன்.
ஆயில் வாடையை முகர்ந்து தேசம்மா முறைத்தாள்.
அரைக் கிலோ காரப்பொடி கேட்டேன்.
அதே தராசில்தான் நிறுத்தாள்,
முள் அரையில் நின்றது.
நான் ஒன்றும் பேசவில்லை.
என் முகத்தை ஒரு தரம் பார்த்தவள்
மேலே ஒரு கை
அள்ளிப் போட்டாள்.