பிடிக்கும் இடம்

ஜூலை. ஷார்ஜா, பத்தாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
ஷட்டரைத் தொட்டால் கை வெந்துவிடும்.
லிஃப்டில் தொங்குகிறது சாம்பல் நிறக் கூபே,
வயிற்றைத் திறந்து காட்டியபடி.
பழைய கிளட்ச் தட்டைக் கழற்றி
மௌஸாவின் கையில் கொடுத்தேன்.
ரிவெட் தலை தெரியத் தேய்ந்திருந்தது.
ஃப்ளைவீல் எங்கும் நீல நீலமாய்ச் சூட்டுத் தழும்பு.
முகர்ந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.
"இருப்பதிலேயே முரட்டுப் பிடி எதுவோ
அதைப் போடு."

வெள்ளிக்கிழமை விடியலில் ஜெபல் ஜைஸ் ஏறுகிறவள்.
டர்போ மாற்றி எட்டு மாதம் ஆகிறது.
நானூறுக்கு மேற்பட்ட குதிரைகளுக்கு
கம்பெனிக்காரன் போட்டிருந்த கிளட்ச்
தேருக்குக் கட்டிய தையல் நூல்.

மேசைமேல் மூன்று டப்பா.
நாலு இதழ் செராமிக்குக்குப் பாதி என்றால் தெரியாது.
பிடித்தால் பிடித்ததுதான், விட்டால் விட்டதுதான்,
என் பெரிய மச்சானைப் போல.
சிக்னலில் கிளம்பும்போது வண்டியே உதறும்.
கெவ்லார் நல்ல சரக்குதான்,
ஒருமுறை தீய்ந்தால் கண்ணாடியாகிவிடும், பிறகு வழுக்கல்தான்.
மூன்றாவது, இரட்டைத் தட்டு.
அதன் விலையை நான் வாயால் சொல்லவில்லை.
கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டினேன்.
செராமிக் டப்பாவின் மேல் அவள் விரல்
தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

"மற்ற நாள் எங்கே ஓட்டுவீர்கள்?"
என் ஒட்டுப்போட்ட அரபியில் கேட்டேன்.
"துபாய் கோர்ட்டுக்கு. இத்திஹாத் ரோடு."
"ஒரு காலையில் எத்தனை தடவை கிளட்சை மிதிப்பீர்கள்?"
சிரித்தாள். அதையெல்லாம் எவன் எண்ணுவான்?

மறுநாள் அண்ணனுடைய ஓட்டைப் பிக்கப்பில் வந்தாள்.
பெட்ரோல் ரசீதின் முதுகில் எழுதியிருந்தது:
நானூற்றுப் பன்னிரண்டு.
"நஹ்தா பக்கம் ரெண்டு தடவை கணக்கு விட்டுப்போச்சு.
கூடத்தான் இருக்கும்."
வக்கீல் இல்லையா, சாட்சியைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.
இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே
இரட்டைத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

புதுக் கிளட்சுக்கு ஒரு விரதம் உண்டு.
முதல் ஐந்நூறு கிலோமீட்டர் முறுக்கக் கூடாது,
பாயக் கூடாது.
நெரிசலில் நின்று நின்று கிளம்ப வேண்டும்.
தட்டும் சக்கரமும் ஒன்றின் மேடுபள்ளம்
மற்றதற்குப் பழகும்வரை.
"அந்தப் பொறுமை என் வம்சத்திலேயே இல்லை.
நீயே ஓட்டிக் கொடு."
சாவி என் கையில்.

பதினொரு வருஷமாய்க் கம்பெனி வேனில்
கடைசி சீட்டுக்காரன் நான்.
இப்போது நானூறு குதிரைகளை
மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு
ரோலாவிலும் கிங் ஃபைசல் ரோட்டிலும்
எல்லோரும் திட்டித் தீர்க்கிற நெரிசலை
தேடித் தேடிப் போகிறேன்.
பக்கத்தில் பைக்கை நிறுத்திய டெலிவரிப் பையன்
குனிந்து பார்த்து உருதுவில் கேட்டான்:
"உஸ்தாத், இது பந்தயக் காரா, பள்ளிக்கூட வேனா?"

ஐந்தாம் இரவு அறைத்தோழன் தஸ்தகீரை ஏற்றிக்கொண்டேன்.
ஷவர்மாவை ரோட்டிலேயே தின்று முடித்து,
கையை மூன்று முறை துடைத்து,
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.
கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை.
அப்புறம் கேட்டான்,
"பிடிச்சிருக்கா?"

"முதல் நாள் தரையை ஒட்டிப் பிடித்தது.
இப்போது கொஞ்சம் மேலே,
கால் பாதி வரும்போது,
பட்டும் படாமலும்..."

"டேய், அதைக் கேக்கல."

சிக்னல் பச்சையானது.
பின்னால் தண்ணீர் டேங்கர்க்காரன் ஹார்னை விடவில்லை.
இன்னும் அறுபது கிலோமீட்டர் பாக்கி.
இடது காலை மெதுவாய்,
மிக மெதுவாய்த் தூக்கினேன்.